மனநோய் மருந்துகளும் அவற்றின் பக்க விளைவுகளும்

"மருந்தும் விருந்தும் மூன்று நாள்" என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இலர். சளிக்கும் சுரத்துக்கும் அவ்வளவு போதியதாயிருக்கலாம். ஆனால் மனத்தைப் பற்றும் பெருநோய்களுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. யாரும் பேசாதிருக்கப் பேச்சொலி கேட்பதும், உற்றாரும் அயலாரும் தமக்குத் தீங்கு சூழ்வதாக ஐயுறுவதும், தனித்திருந்து தமக்குள்ளே பேசி நகைப்பதும், உண்ணவும் குளிக்கவும் மறந்து ஒதுங்கிக் கிடப்பதுமாகிய மனச்சிதைவு நோய்க்கு மாதக்கணக்காகவும், பலர்க்கு ஆண்டுக்கணக்காகவும் மருந்து வேண்டும். அத்துணை நெடுங்காலம் உட்கொள்ளும் மருந்து, நோயை மாத்திரம் தொட்டு, உடம்பின் மற்றப் பாகங்களைத் தொடாமல் விடுவதில்லை. அங்ஙனம் தொடுவதால் உண்டாகும் வேண்டாத பயன்களையே பக்க விளைவுகள் என்கிறோம்.

இப்பொருளைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் மாணாக்கரிற் பலர் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து வருகின்றனர். கல்வராயன் மலைமேலுள்ள சிற்றூர்களிலிருந்து வருவாரும் உளர். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, வைத்தியர் எழுதிய சீட்டைப் படிக்க வல்லவர் அவ்வீட்டிலோ அத்தெருவிலோ அவர் ஒருவராகவே இருத்தல் கூடும். அவர் அறிந்திருக்க வேண்டுவனவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்வதே நம் கருத்து. மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதன் குறைகளை மறைத்துப் புகழ்வதும் நம் நோக்கமன்று. மருந்தினால் வரக்கூடிய துன்பத்தை முன்னதாக, நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லிவைப்பது, அம்மருந்தைக் கொடுப்பதன் ஒரு பகுதியே என்பதைத்தான் இக்கட்டுரையில் நிலைநாட்ட விரும்புகிறோம்.

மருந்து பிறந்த வரலாறு

சென்னைப் பட்டணத்தில் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் 1794-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் இன்று மனநலக் காப்பகம் அமைந்துள்ள இடத்துக்கு அது 1871-இல் வந்தது. அக்காலத்து அத்தகைய இல்லங்களில் நோயாளிகளை அடைத்து வைத்துக் காத்தலன்றி, நோயைத் தணிக்கும் மருந்து ஏதும் இல்லை. வீடுகளிலோ, கோயில் வாயில்களிலோ, தர்காக்களிலோ சங்கிலியே மருந்தாயிருந்தது. அவ்வழக்கம் பழங்கதையாய் ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் எழுந்தோட வழியின்றி 28 பேர் உயிர் துறந்தனர். மருந்தின் குறைகளைப் பேசுமிடத்து, மருந்தில்லாத நிலை எத்தகையது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மனநோய்க்கு மருந்து தேடிய முயற்சியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரைச் சித்தம் கலங்கியவர்க்குக் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்தது. கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வைத்தியர்கள் 1931-இல் அவ்வேரின் குணத்தை ஆராய்ந்து, பித்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுவதை வெளியிட்டனர். 1952-இல் சுவிட்சர்லாந்து தேசத்து இரசாயனிகள் அவ்வேரிலிருந்து ரெஸர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர்.

அதற்குச் சற்று முன், 1950-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சு தேசத்தில் குளோர்ப்ரோமசீன் என்னும் மருந்து உருவாயிற்று. அறுவைக்குமுன் நோயாளியை அமைதிப்படுத்த அது உதவுவதை லபொரி என்னும் கடற்படை வைத்தியர் கண்டறிந்தார். 1952-இல் பாரிஸ் நகரத்து டிலே, டெனிக்கர் என்னும் மனநோய் வைத்தியர்கள் அதனைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பல்லாண்டுகள் கூச்சலிட்டும் சுவரில் மோதியும் கிடந்தவர்கள் அமைதியுற்றுப் பிறரோடு பேசத் தொடங்கினர். ஆனால் அம்மருந்தை உண்டோருட் சிலரிடம் கைந்நடுக்கமும் உடல் விறைப்பும் தோன்றியதும் விரைவிலேயே தெரியவந்தது. சர்ப்பகந்திச் சத்தை உண்டோரிடமும் இதனையே கண்டனர். மருந்தும் அதன் பக்க விளைவும் இங்ஙனம் உடன்பிறந்தவைகளாகவே உலகுக்கு அறிமுகமாயின.

ஏன் இவ்வாறு நேர்கிறது?

இவ்விரட்டைப் பிறப்பின் காரணத்தை விளக்க வழி திறந்தவர் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன். அவர் 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முயல்களுக்கு ரெஸர்பினைச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்பு மூளையில் டோபமீன் என்னும் பொருளாக மாறக்கூடிய ஒரு சத்தைச் செலுத்தவே, அவை எழுந்து நடமாடின. நம் உடலசைவுக்கு டோபமீன் இன்றியமையாதது என்பது இதனாற் புலப்பட்டது. மனநோய் மருந்துகள் அந்த டோபமீன் சென்று பற்றும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன என்பதை 1963-இல் அவரே காட்டினார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதனை நம் ஊர்க் காட்சியொன்றால் விளக்குவோம். கல்வராயன் மலையிற் பிறந்துவரும் கோமுகி ஆற்று நீர் அணையிலே தேங்கி, வாய்க்கால்கள் வழியாகக் கள்ளக்குறிச்சிப் புறத்து வயல்களுக்குப் பாய்வதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். ஒரு வாய்க்காலில் நீர் மிகுந்து ஒரு வயலின் பயிர் அழுகுகிறதென்று தலைமதகை இறக்கினால், அவ்வயல் பிழைக்கும். ஆனால் அளவாகவே நீர் பெற்றுவந்த மற்ற வயல்கள் வாடும். மூளையிலும் டோபமீன் செல்லும் வாய்க்கால்கள் பல. அவற்றுள் ஒன்றில் அது மிகுந்து செயற்படுவதால் பொய்க்குரலும் பொய்யெண்ணமும் தோன்றுகின்றன. மற்றொன்று உடலசைவை ஒழுங்குபடுத்துவது. வேறொன்று தாய்ப்பால் சுரப்பிக்கும் புரோலாக்டினை அடக்கி வைப்பது. இன்னொன்று ஊக்கத்தையும் முயற்சியையும் எழுப்புவது. உண்ணும் மாத்திரை இந்நான்கு வாய்க்கால்களுக்கும் பொதுவான மதகையே இறக்குகின்றது. குரல் அடங்கும்போது கையும் நடுங்குவதன் காரணம் இதுவே.

மதகை எவ்வளவு இறக்கலாம் என்பதற்கும் ஓர் அளவு கண்டிருக்கின்றனர். கனடா தேசத்தில் ஹாலோபெரிடால் என்னும் மருந்தை வைத்து நடத்திய ஆராய்ச்சியொன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டோபமீன் பற்றும் இடங்களில் நூற்றுக்கு 65 அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறதென்றும், 78-க்கு மேற்பட்டால் விறைப்பும் நடுக்கமும் மிகுகின்றன என்றும் அதனால் தெரியவந்தது. பயனுக்கும் துன்பத்துக்கும் இடையேயுள்ள வரப்பு எவ்வளவு குறுகியது பாருங்கள்! மாத்திரை ஒன்றைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் கையில் இருக்கவேண்டுமேயன்றி, வீட்டார் கையிலோ கடைக்காரர் கையிலோ இருத்தலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உடலசைவைப் பற்றிய விளைவுகள்

முதலாவது, திடீர்த் தசைமுறுக்கு. மலையூரொன்றில் இருபது வயது இளைஞன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். அவனுக்குக் குரல்கள் கேட்கின்றன. வீட்டார் முதலிற் பூசாரியிடம் குறி கேட்டு, மந்திரித்துத் தாயத்துக் கட்டுகின்றனர். பயனின்மையால் அவன் அண்ணன் அவனைப் பேருந்திலேற்றிக் கீழே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து மாத்திரை வாங்கிச் செல்கிறான். மூன்றாம் நாள் மாலை அவன் கழுத்து ஒருபுறம் திருகிக்கொள்கிறது; கண்கள் மேலே செருகுகின்றன; நாக்குத் தடித்துப் பேச்சு குழறுகிறது. தாய் அலறுகிறாள். "மருந்து உள்ளே போனதும் பேய் சீறுகிறது" என்கிறார் ஒருவர். "நஞ்சைக் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார் மற்றொருவர். மாத்திரைகள் குப்பைக்குப் போகின்றன. பிறகு அக்குடும்பம் மருத்துவமனையின் திசையையே நாடுவதில்லை.

ஆனால் நடந்தது யாது? மருந்து தொடங்கிய சில மணி முதல் சில நாட்களுக்குள், பெரும்பாலும் இளைஞர்களுக்கு நேரக்கூடிய, வைத்தியர் நன்கறிந்த ஒரு விளைவே அது. அதற்குரிய ஊசி போட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முறுக்குத் தளர்ந்துவிடும். "முதல் வாரத்தில் கழுத்தோ கண்ணோ இழுத்துக்கொள்ளலாம், அஞ்சாமல் உடனே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்" என்று யாரேனும் அத்தாய்க்கு முன்னமே சொல்லியிருந்தால், அவ்விளைஞனுடைய வாழ்வு வேறு வழியிற் சென்றிருக்கும்.

இரண்டாவது, இருப்புக்கொள்ளாமை. இது வெளியார்க்கு எளிதிற் புலனாகாது. நோயாளி உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பான். உள்ளே ஏதோ ஊர்வதுபோன்ற தவிப்பு. அதைச் சொல்லிக் காட்ட அவனுக்குச் சொல் கிடையாது. காண்பவர் நோய் முற்றிவிட்டதென்று எண்ணி மருந்தைக் கூட்டச் சொல்வர். கூட்டக் கூட்டத் தவிப்பும் கூடும். இத்தவிப்பைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவாரும் உளர். ஆதலின் "உனக்கு உள்ளே தவிப்பாயிருக்கிறதா? உட்கார முடியவில்லையா?" என்று நேராகக் கேட்டறிதல் வேண்டும். மருந்தின் அளவைக் குறைத்தும், வேறு மருந்துக்கு மாற்றியும், ப்ரோப்ரனலால் போன்ற துணை மருந்து கொடுத்தும் இதனைத் தணிக்கலாம்.

மூன்றாவது, நடுக்குவாதம் போன்ற நிலை. மருந்து தொடங்கிச் சில நாட்களிலோ வாரங்களிலோ கைகள் நடுங்கும், நடை குறுகும், கைவீச்சுக் குறையும், முகத்தில் உணர்ச்சிக் குறிகள் மறையும், வாயில் உமிழ்நீர் ஒழுகும். ஏர் பிடிப்பவனும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குபவளும் இதனால் அன்றாடக் கூலியை இழப்பர். இதற்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்னும் சிறு மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. அது நடுக்கத்தைத் தணிக்கும். ஆயினும் அதற்கும் பக்க விளைவு உண்டு: வாய் உலரும், மலம் கட்டும், பார்வை மங்கும், முதியோர்க்கு மறதி மிகும். ஆதலின் தேவையின்றி ஆண்டுக்கணக்கில் அதைத் தொடர்தல் நன்றன்று.

நான்காவது, பிந்தி வரும் அசைவுநோய். மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், உதடுகள் சப்புக்கொட்டுவதுபோலவும், நாக்கு வெளியே வந்து வந்து போவதுபோலவும், தாடை மெல்லுவதுபோலவும் தாமாகவே அசையும். பழைய மருந்துகளை உண்போரில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது புதிதாகத் தோன்றுகிறதென்பர். முதியோர்க்கு அதனினும் மிகுதி. மருந்தை நிறுத்தியும் சிலர்க்கு இது மாறுவதில்லை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் சிறு மாத்திரை இதற்கு உதவாததோடு, சில வேளைகளில் இதனை மிகுவிப்பதும் உண்டு. ஆகையால் தொடக்கத்திலேயே கண்டறிவதே சிறந்த காவல்.

சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி

இவ்வசைவுகளெல்லாம் மருந்தினாலேயே வருகின்றனவா, நோயினாலும் வருமா என்பது மேனாட்டார்க்கு நெடுநாள் ஐயமாயிருந்தது. அங்கு நோய் கண்டவர் யாவரும் மருந்துண்டவர்களாதலின், மருந்தே தொடாத முதிய நோயாளியைக் காண்பது அரிதாயிற்று. நம் நாட்டிலோ அத்தகையோர் இருந்தனர். கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஸ்காட்லாந்து வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டது.

அவ்வாராய்ச்சியில் 308 பேரைச் சோதித்தனர். நோயற்றவர் 101 பேர். வேறு நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினர் 103 பேர். நோயிருந்தும் ஒருநாளும் மருந்துண்ணாதவர் 21 பேர். மருந்துண்டவர் 83 பேர். தாமாக நிகழும் அசைவுகள் முதலிரு வகுப்பாரில் நூற்றுக்கு 15 பேரிடமும், மருந்துண்ணாத நோயாளிகளில் 38 பேரிடமும், மருந்துண்டவரில் 41 பேரிடமும் காணப்பட்டன. நடுக்குவாதக் குறிகள் இவ்வரிசைப்படியே 6, 11, 24, 36 ஆக இருந்தன.

இவ்வெண்களிலிருந்து நாம் அறிவது யாது? நடுக்கமும் அசைவும் கண்டவுடன் மருந்தின்மேலேயே முழுப்பழியையும் சுமத்துதல் பொருந்தாது. நோயே அவற்றுக்கு ஓரளவு வித்தாயிருக்கிறது. அதேசமயம் இவ்வெண்கள் மருந்தைக் குற்றமற்றதாக விடுவித்துவிடவும் இல்லை. மருந்துண்ணாதவர் 21 பேரே. அவர்களுடைய சராசரி வயது 65. மருந்துண்டவர் சராசரி வயது 57. வயது குறைந்திருந்தும் அவர்களிடம் நடுக்கம் மிகுந்தே காணப்பட்டது. அன்றியும், மருந்துண்ணாத அந்த 21 பேரும் அத்தனை ஆண்டுகள் நோயின் துன்பத்தை ஒரு துணையுமின்றித் தாங்கியவர்கள் என்பதை நினைக்க, அவ்வெண் வெறும் எண்ணாகத் தோன்றுவதில்லை.

உடம்பின் மற்றைய விளைவுகள்

1990-க்குப் பின் பரவிய ரிஸ்பெரிடோன், ஓலன்சபீன் முதலிய புதிய மருந்துகளால் நடுக்கம் பெரிதும் குறைந்தது. ஆனால் ஒன்று குறைய வேறொன்று தலைதூக்கிற்று. ஓலன்சபீன், குளோசபீன் என்பவற்றால் பசி மிகுந்து உடல் பெருக்கிறது. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொழுப்பும் தொடர்கின்றன. மூன்று வேளையும் சோறும், இடையிடையே மரவள்ளிக் கிழங்கும், சர்க்கரை மிகுந்த தேநீரும் உண்ணும் நம் பக்கத்து வழக்கத்துக்கு இது பெருங்கேடாகும். "பிள்ளை இப்போதுதான் தேறிவருகிறான்" என்று தாயார் மகிழ்ந்திருக்க, உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருத்தல் கூடும். மருந்து தொடங்குமுன் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு, மூன்று மாதங் கழித்தும் பின் ஆண்டுதோறும் மீண்டும் அளக்கவேண்டும்.

ரிஸ்பெரிடோனும் ஹாலோபெரிடாலும் புரோலாக்டினை மிகுவிப்பதால் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதலும், மார்பில் பால் சுரத்தலும் உண்டு. மணமாகாத பெண்ணுக்கு இது நேர்ந்தால் ஊரார் நாவு என்னவெல்லாம் பேசும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அவளும் வாய் திறந்து சொல்லாள், மாத்திரையை ஒளித்துவிடுவாள். ஆடவர்க்கும் இல்லற வாழ்வில் தளர்ச்சி தோன்றலாம்; அவரும் சொல்லார். வைத்தியர் தாமே கேட்டாலன்றி இவை வெளிவருவதில்லை. மருந்து மாற்றத்தால் பெரும்பாலும் சரியாகக்கூடிய ஒரு விளைவு, வெட்கத்தினால் சிகிச்சையையே கெடுத்துவிடுகிறது.

தூக்கம் மிகுதல் பல மருந்துகளுக்குப் பொது. படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றி விழுவதும் உண்டு. முதலில் உட்கார்ந்து, சற்றுத் தாமதித்து எழுதல் வேண்டும். குளோர்ப்ரோமசீன் உண்போர்க்கு வெயில் பட்டால் தோல் எளிதிற் கன்றும். பல மருந்துகள் உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் சமவெளி வயல்களில் உழைப்போர் தலையை மூடிக்கொண்டு, அடிக்கடி நீரருந்தி, உச்சிப்பொழுதில் நிழலில் ஒதுங்குதல் அவசியம்.

அபாயக் குறிகள் இரண்டு

மேற்கூறியவை பெரும்பாலும் காத்திருந்து வைத்தியரிடம் சொல்லக்கூடியவை. ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று: கடுஞ்சுரம், உடம்பு மரக்கட்டைபோல் விறைத்தல், வியர்வை, அறிவுமயக்கம் ஆகியவை சேர்ந்து தோன்றுதல். இது மிக அரிது. ஆனால் உயிர்க்கு இறுதி விளைப்பது. இங்கு மருந்தை உடனே நிறுத்தி மருத்துவமனையிற் சேர்க்கவேண்டும். சாதாரணச் சுரமென்று கருதிக் கஷாயம் வைத்துக் காத்திருத்தல் ஆகாது.

மற்றொன்று: குளோசபீன் உண்போர்க்குத் தொண்டைப்புண்ணும் சுரமும் வருதல். இம்மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சிலர்க்கு அழித்துவிடும். 1975-இல் பின்லாந்து தேசத்தில் இதனால் எண்மர் இறக்கவே, பல நாடுகள் இம்மருந்தை ஒதுக்கின. எனினும், வேறெந்த மருந்துக்கும் பணியாத நோயாளிகளிடம் 1988-இல் நடத்திய சோதனையில், குளோர்ப்ரோமசீனால் நூற்றுக்கு 4 பேரே தேற, குளோசபீனால் 30 பேர் தேறினர். ஆகவே தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தம் சோதிக்க வேண்டுமென்னும் ஏற்பாட்டோடு அது மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. அபாயமுள்ள மருந்தையும் விழிப்போடிருந்தால் பயன்படுத்தலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். இம்மருந்தினால் வரும் கடும் மலச்சிக்கலையும் சிறிதென்று விடலாகாது. அதுவும் உயிருக்கு உலைவைப்பதுண்டு.

மருந்தை நிறுத்திவிட்டால் என்ன?

இத்தனை துன்பங்களையும் கேட்டபின், "அப்படியானால் மருந்தே வேண்டாமே" என்று ஒருவர் சொல்லக்கூடும். அவருக்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். 65 சோதனைகளையும் ஏறக்குறைய 6500 நோயாளிகளையும் ஒருசேர ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரையொன்றின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 64 பேர்க்கு நோய் திரும்பியது. தொடர்ந்து உண்டவர்களில் 27 பேர்க்கே திரும்பியது. நோய் திரும்புதல் என்பது படிப்பு நின்றுபோதல், வேலை இழத்தல், ஊரைவிட்டு அலைதல், சில வேளை மீண்டும் சங்கிலி.

ஆகவே நம் முன்னுள்ள கேள்வி மருந்தா, மருந்தின்மையா என்பதன்று. எந்த மருந்து, எவ்வளவு, யார் கண்காணிப்பில் என்பதே. நடுக்கத்தை அஞ்சும் உழவனுக்கு ஒன்று பொருந்தும். சர்க்கரை வியாதிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு மற்றொன்று பொருந்தும். குறைக்க வேண்டுமாயினும் படிப்படியாக வைத்தியரே குறைத்தல் வேண்டும். மாதந்தோறும் மலையிறங்கி வர இயலாதவர்க்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை போடும் ஊசிமருந்தும் உண்டு. அது வசதியானதே. ஆனால் உட்சென்ற ஊசிமருந்தைத் திரும்ப எடுக்க இயலாதாகையால், முதலில் மாத்திரையாகக் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தபின் போடுவதே முறை.

சட்டமும் மலைநாடும்

2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடுக்கிறது. அச்சட்டத்தில் நம் பொருளைத் தொட்ட பகுதி ஒன்று உண்டு. தம் நோயின் தன்மையையும், கொடுக்கப்போகும் சிகிச்சையையும், அச்சிகிச்சையின் அறிந்த பக்க விளைவுகளையும் அறிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டென்றும், அவர்க்கு விளங்கும் மொழியிலும் முறையிலும் அதனைத் தெரிவிக்க வேண்டுமென்றும் அது கூறுகிறது. அந்த முறுக்குண்ட கழுத்தைக் கண்டு அலறிய தாய்க்கு முன்னறிவிப்புச் செய்வது வைத்தியரின் தயவன்று, சட்டம் விதித்த கடமை என்பது இதனால் விளங்கும்.

சட்டம் சமவெளியிலிருந்து மலையேறுவதற்குப் பாதை வேண்டும். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இவை நற்பேறுகளே. எனினும் 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிக் குறைவுகளைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டியிருந்தது. கடுக்காயும் புளியும் தேனும் இறங்கிவரும் அந்த மலைப்பாதையில், மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு இறங்கிவருபவனுக்கு ஐந்து நிமிடப் பேச்சாவது கிடைத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மாணாக்க நண்பர்களே, நீங்கள் வைத்தியர்களல்லர். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ உங்களுக்கு அதிகாரமில்லை. ஆயினும் உங்களாற் கூடிய காரியங்கள் சில உள்ளன. வீட்டிலோ அண்டையிலோ இந்நோயுடையார் இருப்பின், ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். தூக்கம், நடுக்கம், தவிப்பு, எடை, மாதவிடாய் ஆகியவற்றில் கண்ட மாறுதலைத் தேதியிட்டுக் குறிக்கச் செய்யுங்கள். அடுத்த முறை செல்லும்போது அந்நோட்டை வைத்தியர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவசர வேளையில் ஆலோசனை கேட்க 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் உள்ளது. அதனையும் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். பழைய மாணவர்களுள் ஆசிரியராகவும் செவிலியராகவும் மலைப்புறத்திற் பணிபுரிவோர்க்கு இப்பணி இன்னும் எளிது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்தார். முன்னைய மூன்றும் கள்ளக்குறிச்சி வரையில் வந்துவிட்டன. அங்கிருந்து மலைமேலுள்ள வீடு வரையில் செல்லவேண்டிய நான்காவது உறுப்பு, படித்தவர்களாகிய நம்மை எதிர்நோக்கியிருக்கிறது.